தாவரச் செல்லில் ஒரு கரும்பொட்டு

ஐயா, அல்லது அம்மையீர்,

தங்களை நான் அறியேன். ஆயினும் நண்பர் ஒருவரிடம் உரைப்பதுபோல் இதை எழுத முற்படுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என்னிடம் உள்ள எழுத்துத் தமிழில் பெரும்பகுதி உயிரியல் பாடநூல்களிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆதலால் என் வாக்கியங்கள் சில இடங்களில் பரீட்சை விடைபோல் விறைத்து நிற்கும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மலையாள நாட்டில் வாழ்கிற தமிழன் நான். சென்ற மாதம் என் தம்பி மகன் என்னைக் கழக்கூட்டத்தில் உள்ள நரம்பு வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றான். அவன் அங்கேயே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். என் பாதங்கள் மரத்துப்போய்ச் சில காலம் ஆகிறது. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் அருகே ஒரு செருப்புக் கழன்று விழுந்ததை அறியாமல் நான் நடந்துகொண்டிருக்க, சிதறுகாய் ஓடு குத்திப் பாதத்தில் இரத்தம் வந்ததையும் பூ விற்கிற பெண்தான் சுட்டிக்காட்டினாள். அந்தச் செய்தி எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது.

வைத்தியர் இளம்பெண். என் கால் கட்டைவிரலில் ஊசி முனையால் குத்தி, தெரிகிறதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"அப்பூப்பா, இது அறியுந்நுண்டோ?"

"இல்ல."

"இதோ?"

"நீங்க குத்துகத நான் பாத்துக்கிட்டு இருக்கேன், அதுனால தெரியுது. கண்ண மூடுனா ஒண்ணும் தெரியாது."

வைத்தியர் சிரித்தார். "கள்ளம் பறயாத்த ஆளு", அதாவது பொய் சொல்லாத ஆள், என்று என் தம்பி மகனிடம் சொன்னார். நீளமான நரம்புகளுக்குத்தான் முதலில் கேடு வருமாம். ஆதலால் உடம்பில் கால்விரல் நுனிதான் முதலில் மரத்துப்போகும் என்று விளக்கினார். அதைக் காட்டுவதற்கு மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் நரம்புச் செல் ஒன்றைக் கையில் எடுத்தார். நான் அதை வாங்கித் திருப்பி, அச்சின் இணைப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்தேன். கோடு தெரியவில்லை. நல்ல வேலை.

அந்த அறையில் ஸ்பிரிட் வாசனை நிறைந்திருந்தது. அது எனக்கு டர்பன்டைன் வாசனையை நினைவூட்டியது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் முதுமையில் மூக்கு இவ்வாறான சிறு பிழைகளைச் செய்துவிட்டு, நம்மை வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

ஆரியசாலையில் மொத்தக் கடைகளின் பின்புறம், மிளகாய் வற்றல் மூட்டைகள் இறக்குகிற சந்து ஒன்று இருந்தது. அந்தச் சந்தின் கோடியில் எங்கள் பொம்மைப் பட்டறை. முதலாளி திருநெல்வேலிக்காரர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். காகிதத்தை ஊறவைத்து, பூச்சி அரிக்காமலிருக்க வெந்தயம் அரைத்துச் சேர்த்து, அந்தக் கூழில் கொலுப் பொம்மைகள் செய்வோம். பிளாஸ்டர் வேலையும் உண்டு. அச்சில் ஊற்றுவது என் பொறுப்பு. வெந்தயம், டர்பன்டைன், வெளியிலிருந்து வரும் மிளகாய் நெடி ஆகிய மூன்றும் கலந்த காற்றை மூச்சாகக் கொண்டுதான் என் வாலிபம் கழிந்தது. பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் பேசுவார்கள். விலை பேச வருகிறவர்கள் தும்மல் தாங்காமல் அண்ணாச்சி சொன்ன விலைக்கே வாங்கிப் போவதும் உண்டு. அந்தச் சந்தை அவர் கடைசிவரை விடாததற்கு அதுவே காரணம் என்பது எங்கள் அனுமானம்.

நவராத்திரி கழிந்தால் பொம்மை விற்பனை கிடையாது. "மத்த மாசமெல்லாம் பொம்ம நம்மளப் பாத்துச் சிரிச்சிக்கிட்டுல்லா இருக்கு" என்பார் அண்ணாச்சி. அந்நிலையில்தான், தமிழ்ப் பிரிவு இருந்த ஒரு பள்ளியின் உயிரியல் ஆசிரியை எங்களைத் தேடி வந்தார். டீச்சர் என்றே அவரை நாங்கள் அழைத்தோம். அவர் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். தாவரச் செல், விலங்குச் செல் ஆகியவற்றின் மாதிரிகளை மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி பெரிதாகச் செய்து தர இயலுமா என்று கேட்டு, ஒரு படத்தைக் கொடுத்தார்.

அண்ணாச்சி படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "இது என்ன டீச்சரே, கொழுக்கட்டைய வெட்டி வச்ச மாதிரில்லா இருக்கு."

"கொழுக்கட்ட இல்ல அண்ணாச்சி. நம்ம ஒடம்பே இதாக்கும்."

"எவ்வளவு பெருசு இருக்கும்?"

"கண்ணுக்கே தெரியாது."

"அப்போ அளவு தப்பாப் போச்சுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்" என்று சொல்லி அண்ணாச்சி வேலையை ஏற்றுக்கொண்டார்.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருளைத் தேங்காய் அளவுக்குச் செய்தோம். பின்னாளில் நரம்புச் செல்லும் செய்தோம். அதுவோ, முதுகுத் தண்டிலிருந்து கால்விரல்வரை ஒரே செல்லாக நீண்டு ஓடக்கூடியது என்று டீச்சர் சொன்னார். அதை ஒரு சாண் நீளத்தில் முடித்துவிட்டோம். சிறியதைப் பெரியதாக்கியும் நீண்டதைக் குறுக்கியும் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கினோம். பட்டறையில் எல்லாவற்றுக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். மைட்டோகாண்ட்ரியா பேரீச்சங்கொட்டை. கோல்கை உறுப்பு அப்பளக்கட்டு. இரத்தச் சிவப்பணு ஓட்டை விழாத உளுந்துவடை. ஒவ்வொரு பாகத்திலும் எண் ஒட்டி, பெயர்ப் பட்டியலை எழுதிச் சேர்ப்பது என் வேலையாயிற்று. பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டுமானால் பொருளும் தெரிய வேண்டும் என்று நினைத்து டீச்சரிடம் பாடநூலைக் கேட்டு வாங்கினேன். அவ்வாறு தொடங்கியதுதான் என் படிப்பு.

வண்ணம் தீட்டியவள் தாணம்மாள். என் மனைவி. சுசீந்திரத்துப் பக்கத்துப் பெண். திருமணமாகி வந்த சில மாதங்களிலேயே பட்டறைக்கு வரத் தொடங்கிவிட்டாள். கொலுப் பொம்மைகளுக்குக் கண் திறப்பது அவள் வேலை. கண் திறந்த கையோடு ஒவ்வொரு பொம்மையின் பிடரியிலும் ஒரு கரும்பொட்டு வைப்பாள். அது எங்கள் பட்டறையின் வழக்கம். அழகான பொருள் வெளியே போகும்போது கண்ணேறு படக்கூடாது என்பதற்காக. செல்களுக்கு அந்தப் பொட்டு கிடையாது. கண் இல்லாததற்குப் பொட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லாமலே ஒரு நியதி உண்டாகியிருந்தது.

பிறகு அவள் கருவுற்றாள். பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே ஏதோ சரியில்லை என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாணம்மாள் புடவைத் தலைப்பில் மைச்சிமிழை முடிந்து வைத்திருந்தாள். குழந்தையின் உள்ளங்காலில் பொட்டு வைக்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் அனுமதிக்கவில்லை. அங்கே சட்டம் அப்படி.

இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயரிடுவது எங்கள் பக்கத்து முறை. குழந்தை அதுவரை இருக்கவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் செய்து ஒரு தாளில் வட்டம் போட்டார். உள்ளே இன்னொரு சிறு வட்டம். நாள்தோறும் அந்த வட்டங்களுக்கு வண்ணம் அடிக்கிறவளிடம் அவர் அதைப் பொறுமையாக விளக்கினார். கருவான அன்று, குழந்தை ஒரே ஒரு செல்லாக இருந்த அன்றே, உட்கருவுக்குள் பங்கு வைத்ததில் ஒரு குரோமோசோம் கூடிப்போயிற்று என்றார். அந்தச் செல் இரண்டாகி, நான்காகி, உடம்பு முழுவதும் ஆனபோது பிழையும் கூடவே எல்லா இடத்துக்கும் போயிற்று. "நிங்களுடெ குற்றமொந்நும் அல்ல" என்றும் சொன்னார்.

தாணம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "டாக்டரே, அடுத்ததும் இப்பிடித்தான் வருமா?"

"பறயான் ஒக்கில்லா. சிலப்போள் வரும். மிக்கவாறும் வரில்லா." உறுதியாகச் சொல்ல முடியாது, பெரும்பாலும் வராது என்பதே அவர் சொன்னது.

நானும் தம்பியும் குழந்தையைக் கொண்டுபோனோம். அன்று மழை இல்லை. கடுமையான வெயிலும் இல்லை. திரும்பி வரும் வழியில் சாலைக் கடைத்தெருவில் தேநீர் குடித்தோம். சர்க்கரை குறைவு என்று தம்பி சொன்னான். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். அந்த நாளில் வேறெதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. நான் அழவில்லை. அழ வேண்டாம் என்று தீர்மானித்ததும் இல்லை. வரவில்லை, அவ்வளவே.

தாணம்மாள் மீண்டும் வேலைக்கு வந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சி மட்டும், "ஏ தாயி, பச்ச பெயின்ட் கட்டியாப் போச்சு, பாத்துக் கலக்கு" என்றார். அவ்வளவு மென்மையாக அவர் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அதன்பின் வெளியே போன செல்களில் ஒரு கரும்பொட்டு வரத் தொடங்கியது. தாவரச் செல், விலங்குச் செல் இரண்டிலும், உட்கருவுக்கு அருகில், கடுகளவு. எண் ஒட்டும்போது நான் அதைப் பார்த்தேன். அதற்கு எண் இல்லை, ஆகவே அதை விட்டுவிட்டு அடுத்த பாகத்துக்குப் போனேன். எதற்காக என்று அவளைக் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு இன்னொரு குழந்தை வேண்டும். அது செல்லாக இருக்கும்போதே அதற்குக் காவல் வேண்டும். பிறந்த பிறகு வைக்கிற பொட்டு காலம் கடந்தது என்பதை அவள் ஒருமுறை கண்டுவிட்டாள்.

பரீட்சை முடிந்த பருவத்தில் ஒரு மாலை, டீச்சர் துணிப்பையில் தாவரச் செல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையை மேசைமேல் வைத்த ஓசையிலேயே கோபம் தெரிந்தது.

"அண்ணாச்சி, உங்க செல்லால என் மானம் போச்சு."

"என்ன டீச்சரே, ஒடஞ்சு போச்சா?"

"ஒடஞ்சிருந்தாத் தேவல. தாவரச் செல்லுல சென்ட்ரோசோம் உண்டா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "உண்டாடே?"

"கிடையாது அண்ணாச்சி. விலங்குச் செல்லுலதான்."

"கிடையாதுங்கான். அப்போ கிடையாது டீச்சர்."

"அப்போ இது எந்தா?" டீச்சர் அந்தக் கரும்பொட்டின்மேல் விரலை வைத்தார். "ரெண்டு செல்லுக்கும் வித்தியாசம் எழுதச் சொன்னா, கிளாஸ்ல பாதிப்பேரு தாவரத்துலயும் சென்ட்ரோசோம் உண்டுன்னு எழுதி வச்சிருக்கு. ஏன்டே இப்பிடி எழுதுனன்னு கேட்டா, 'டீச்சர் காட்டித் தந்த மாடல்ல உண்டல்லோ'ங்கான். ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்துல நிக்கா."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஈ எச்சமா இருக்கும்."

"எல்லா மாடல்லயும் ஒரே எடத்துலயா ஈ வந்து இருக்கும்?"

"பழகுன ஈயா இருக்கும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே அவர் நகத்தால் சுரண்டப் போனார்.

"அதச் சுரண்டாதீங்கோ அண்ணாச்சி."

தாணம்மாள் மூலையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். கையில் தூரிகை இருந்தது.

"நீயா வச்ச?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"கண்ணு படாம இருக்கதுக்கு."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஏ பிள்ள, கொலுப் பொம்மைக்கு வைக்கோம், அது சரி. நாலு பேரு வந்து பாப்பா, மூக்குல வெரல வைப்பா. செல்லு மேல எவன் கண்ணு படும்? கண்ணால பாக்கவே முடியாதுன்னுதான டீச்சரு கண்ணாடிக் குழாய வச்சிக்கிட்டு அலையுதா."

"கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான அண்ணாச்சி எங்களுக்கு வந்துது."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தில் மூட்டை ஒன்றைத் தொப்பென்று போட்டார்கள். டீச்சர் தும்மினார். மறுபடியும் தும்மினார். அதன்பின் அண்ணாச்சி அவரை வாசல் பக்கம் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டீச்சரின் சொல்லை நம்பித்தான் வேறு பல பள்ளிகளும் எங்களிடம் மாதிரிகள் கேட்டிருந்தன. அவர் கூடாது என்று சொன்னால் நவராத்திரிக்குப் பிறகு பட்டறையில் எங்கள் இருவருக்கும் வேலை இராது. தாணம்மாளுக்கும் அது தெரியும். எனினும் அவள் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

டீச்சர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது அடுத்த பிள்ளைக்கு வேண்டியா?"

"ஆமா டீச்சர்."

"பிள்ளைங்க தப்பாப் படிச்சிருமே தாணம்மா."

"தப்புதான். அழிக்கச் சொன்னா அழிச்சிருகேன். பின்னே எனக்கு ஒறக்கம் வராது, அவ்வளவுதான்."

டீச்சர் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, விலங்குச் செல் ஒன்றை எடுத்துவந்தார். அதில் உட்கருவின் அருகே, நாங்கள் மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருந்த உண்மையான சென்ட்ரோசோமும், அதற்கு நேர் எதிர்ப்புறம் தாணம்மாளின் கரும்பொட்டும் இருந்தன.

"இது இருக்க வேண்டிய எடம்" என்று மஞ்சளைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு இன்ன நெறந்தான்னு புஸ்தகத்துல ஒண்ணும் சொல்லல. மஞ்சளுக்குப் பதிலா நீ கறுப்பு அடி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பொட்டும் ஆச்சு, பாகமும் ஆச்சு. தாவரத்துல மட்டும் வேண்டாம்."

"செடிக்குக் கண்ணு பட்டா வயக்காட்டுக்காரன் பொம்ம நட்டுக்கிடுவான் தாயி, அத விடு" என்றார் அண்ணாச்சி.

தாணம்மாள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "இது என்ன சோலி பாக்கும் டீச்சர்?" என்று கேட்டாள். அவ்வளவு காலமும் அதற்கு மஞ்சள் அடித்திருந்தாள், ஆனால் அது எதற்கு என்று கேட்டதில்லை.

"செல்லு ரெண்டாப் பிரியும் பாரு, அப்போ உள்ள இருக்கத ரெண்டு பக்கமும் சமமாப் பங்கு வச்சு இழுக்கது இதாக்கும்."

தாணம்மாள் என்னைப் பார்த்தாள். டாக்டர் போட்ட வட்டங்கள் எங்கள் இருவர் நினைவிலும் இருந்தன. டீச்சருக்கு அது தெரியாது.

"அப்போ இங்கதான் வைக்கணும்" என்றாள்.

டர்பன்டைன் தோய்த்த துணியால் தாவரச் செல்களின் பொட்டுகளை அவளே துடைத்தாள். விலங்குச் செல்களில் மஞ்சளின்மேல் கறுப்பு அடித்தாள். காய்ந்ததும் நான் அதில் எண் ஒட்டினேன்.

அந்தப் பள்ளிகளுக்காக நாங்கள் செய்த இன்னொரு மாதிரியைப் பற்றியும் எழுதத் தோன்றுகிறது. உயிரிகளின் அமைப்பு நிலைகள் என்று ஒரு பாடம். செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரி என்று வரிசை போகும். டீச்சர் அதைத் தட்டையான பலகையில்தான் கேட்டார். அண்ணாச்சிக்கோ, ஒன்றன்மேல் ஒன்றாகப் போகிற எதுவும் கொலுப்படிதான். ஐந்து படி கட்டி, கீழ்ப்படியில் தசைச் செல், அதற்கு மேல் தசைத் திசு, அதற்கு மேல் இதயம், பின் இரத்த ஓட்ட மண்டலம் என்று அடுக்கிவிட்டார். மேல்படிக்கு முழு மனித உருவம் வேண்டும். புதிய அச்சுக்கு நேரமில்லை. முதலில் கொலுச் செட்டியாரை ஏற்றி வைத்தார். டீச்சர் பார்த்துவிட்டு, "இது யாரு, மளிகைக் கடைக்காரரா?" என்றார். செட்டியார் இறங்கினார். தவழ்கிற கிருஷ்ணன் அச்சில் கிரீடத்தையும் மயிற்பீலியையும் செதுக்கி எடுத்துவிட்டு, அதை வார்த்து மேல்படியில் வைத்தோம்.

அதற்கும் தாணம்மாள்தான் வண்ணம் தீட்டினாள். கன்னம், நகம், இடுப்பில் அரைஞாண் எல்லாம் வழக்கமான கவனத்தோடு செய்தாள். நான் வேண்டுமென்றே என் அச்சுகளிடம் நேரத்தைக் கழித்தேன். முடிந்ததும் அண்ணாச்சி வந்து பார்த்தார். அவளுக்கு ஆறுதலாக எதையேனும் செய்ய விரும்பினார் என்று நினைக்கிறேன்.

"கன்னத்துல ஒரு பொட்டு வச்சிரு தாயி. இதுக்கு டீச்சரும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன்?"

"மேல்படி ஏறி வந்தாச்சுல்லா. இனி இதுக்கு ஒண்ணும் வராது. வாறதெல்லாம் கீழ்ப்படிலதான்."

கீழ்ப்படியில் இருந்த தசைச் செல்லை அவள் கையில் எடுத்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

விலங்குச் செல்கள் கறுப்புச் சென்ட்ரோசோமோடு பல ஆண்டுகள் வெளியே போயின. வேறு ஊர்ப் பள்ளிகளுக்கும் போயின. வேறு பட்டறைக்காரர்கள் எங்கள் மாதிரியைப் பார்த்துச் செய்தபோது அவர்களும் கறுப்பே அடித்ததாகக் கேள்வி. ஆண்டுதோறும் தாணம்மாள் சுசீந்திரத்துக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். வைத்தியம் பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் அவள் முகம் மாறும். நான் பேச்சை வேறு பக்கம் திருப்புவேன். பேச்சைத் திருப்புவதில் நான் தேர்ந்தவனாகிவிட்டேன். மின்சார வாரியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவனாக இருந்தேன்.

ஒருநாள் எண் ஒட்ட உட்கார்ந்தேன். காய வைத்திருந்த விலங்குச் செல்கள் அனைத்திலும் சென்ட்ரோசோம் மஞ்சளாக இருந்தது.

"கறுப்பு தீந்து போச்சா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"பின்னே?"

"இனி வேண்டாம். பழைய நெறமே இருக்கட்டு."

அவள் தூரிகையைக் கழுவினாள். நான் எண்களை ஒட்டினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சாலைக் கடைத்தெருவில் வெண்டைக்காய் வாங்கினோம். முற்றியதா என்று ஒவ்வொன்றின் நுனியையும் அவள் ஒடித்துப் பார்க்க, கடைக்காரர், "எல்லாம் ஒடிச்சு வச்சா நான் ஆர்க்கு விக்கும் சேச்சீ?" என்றார். அவள் சிரித்தாள். மறுபடியும் அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. முடிவு சொல்ல டாக்டர் யாரும் தேவைப்படவில்லை. மஞ்சளைப் பார்த்ததும் நான் புரிந்துகொண்டேன்.

அண்ணாச்சி காலமான பின் அவர் மக்கள் இடத்தை விற்றார்கள். இப்போது அங்கே பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. டீச்சர் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளியில் இப்போது தமிழ்ப் பிரிவு இல்லை. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் படிக்கின்றன. செல்லைத் திரையில் காட்டுகிறார்கள். அது அங்கே அசைகிறது, பிரிகிறது, வண்ணமும் தானே மாறுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பிளாஸ்டர் மாதிரிகள் மழைக்கால ஈரத்தில் உப்பிப்போய், பழைய மேசைகளோடு கழிக்கப்பட்டன என்று அறிகிறேன். அதில் வருந்த ஒன்றுமில்லை. பிளாஸ்டரின் ஆயுள் அவ்வளவுதான்.

தாணம்மாள் சில ஆண்டுகளுக்குமுன் காலமானாள். அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. உறவினர் சிலர் அதைக் கவனித்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது விளங்காத விஷயமே. தெரிய வேண்டிய இடத்தில் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. பெயரிடும் நாளுக்குமுன் போன குழந்தைக்கு எங்கள் குலத்தில் திதி கிடையாது, படம் கிடையாது, குடும்பப் பெயர்வரிசையில் இடமும் கிடையாது. மருத்துவமனைச் சீட்டில்கூடத் தாயின் பெயரைத்தான் எழுதினார்கள். அந்தப் பெண் குழந்தையைக் கண்ணால் கண்டவர்களில் அவள் தாய் இப்போது உயிரோடு இல்லை. என் தம்பியும் இல்லை. அந்த நர்ஸும் டாக்டரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. குழந்தைக்கு நெற்றி அகலம். வலது காதுமடல் சற்றே உள்நோக்கி மடிந்திருந்தது. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்துத் துவாரத்தில் நான் விரலை நுழைத்தபோது அதைப் பற்றிக்கொண்டாள். பிடி உறுதியாக இருந்தது.

இவ்வளவே எனக்குத் தெரியும். இத்தாள்களைத் தங்களிடம் ஏதேனும் ஒரு புத்தகத்துக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. தூர எறியாமல் வைத்திருந்தால் போதும்.